சுண்டெலிக்கு ஒரு மாற்று

நள்ளிரவில் ஒரு கைக்குழந்தை இருமத் தொடங்குகிறது. ஒரே மூச்சில் பத்து, பதினைந்து முறை விடாது இருமுகிறது. இடையில் காற்றை உள்ளிழுக்க அதற்கு இடமே கிடைப்பதில்லை. முகம் சிவந்து, பின்பு நீலம் பாரிக்கிறது. இருமல் ஒருவாறு அடங்கியதும், ஒடுங்கிய குரல்வளை வழியே காற்று விரைந்து பாய, கூவுவது போன்ற ஓர் ஒலி எழுகிறது. அதைத் தொடர்ந்து, குடித்த பால் முழுவதையும் குழந்தை கக்கிவிடுகிறது. மேலைநாட்டார் அக்கூவல் ஒலியைக் கொண்டு இந்நோய்க்குப் பெயரிட்டனர். சீனரும் சப்பானியரும் இது நீடிக்கும் காலத்தைக் கருதி ‘நூறு நாள் இருமல்’ என்றனர். தமிழ் வழக்கோ, தாயின் மடியில் நிகழ்வதைக் கண்டு ‘கக்குவான்’ என்றது. பிறந்து சில வாரங்களே ஆன பச்சிளங்குழந்தைகளிடம் அந்தக் கூவல் ஒலிகூடக் கேட்பதில்லை. அவர்களுக்கு மூச்சு மட்டும் நின்றுபோகக்கூடும். கக்குவான் இருமலால் இறப்போருள் பெரும்பாலோர் இந்த வயதினரே.

இந்நோயைத் தடுக்கும் ஊசி மருந்து இன்று உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. அம்மருந்து குழந்தைக்குத் தீங்கு செய்யாது என்பதை உறுதிசெய்யும் பொறுப்பைப் பல பதிற்றாண்டுகளாகச் சுண்டெலிகளே சுமந்து வந்தன. அப்பொறுப்பு எலிகளிடமிருந்து கண்ணாடித் தட்டில் வளரும் செல்களுக்குக் கைமாறிய வரலாறு, அறிவியல் தன் சோதனை முறைகளையே எவ்வாறு சோதித்துக்கொள்கிறது என்பதை நன்கு காட்டுவதாகும்.

நோயும் தடுப்பூசியும்

கக்குவான் இருமலை உண்டாக்கும் பாக்டீரியத்தை 1906ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் பிரசல்சு நகரில் ஜூல் போர்தே, ஒக்தாவ் ழாங்கு ஆகிய இருவரும் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினர். போர்தேயின் பெயரால் அது ‘போர்டெடெல்லா பெர்டூசிஸ்’ எனப் பின்னாளில் வழங்கலாயிற்று. பாக்டீரியத்தைக் கண்டறிந்த பிறகும், பயன்தரும் தடுப்பூசி கிடைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அத்தடுப்பூசியை உருவாக்கியதில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் இரு பெண் நுண்ணுயிரியலாளர்க்குப் பெரும்பங்கு உண்டு. அவர்கள் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரிலிருந்த அரசுப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினர். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய 1932ஆம் ஆண்டில் அந்நகரில் கக்குவான் இருமல் பரவியது. பகலில் ஆய்வுக்கூடப் பணியை முடித்த இருவரும், மாலையில் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளைத் தேடிச் சென்றனர். வளர்ப்பு ஊடகம் பூசிய தட்டைக் குழந்தையின் வாய்க்கு நேரே பிடித்து, அதன்மேல் இருமச் செய்து, கிருமிகளைச் சேகரித்தனர். வேலையிழந்த தந்தையரும் பசித்த குழந்தைகளும் நிறைந்த வீடுகள் அவை. அவ்வாறு திரட்டிய பாக்டீரியங்களைக் கொன்று அவர்கள் ஆக்கிய முழுச்செல் தடுப்பூசி, முறையான களஆய்வில் நோயைத் தடுக்க வல்லதென நிறுவப்பட்டது. 1940களில் அது தொண்டை அடைப்பான், இரணஜன்னி ஆகியவற்றுக்கான மருந்துகளோடு சேர்க்கப்பட்டு, ‘முத்தடுப்பூசி’ ஆயிற்று.

கென்ட்ரிக் தடுப்பூசியோடு நின்றுவிடவில்லை. அதன் வீரியத்தை அளக்கும் சோதனை ஒன்றையும் வகுத்தார். சுண்டெலிகளுக்கு முதலில் தடுப்பூசி செலுத்தப்படும். இரண்டு வாரம் கழித்து, உயிருள்ள கிருமிகள் எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தப்படும். அடுத்த இரண்டு வாரங்களில் எத்தனை எலிகள் பிழைத்தன என்று எண்ணிப் பார்த்தால் மருந்தின் ஆற்றல் தெரியும். கேட்கவே கொடியதாகத் தோன்றும் இச்சோதனையில் வெற்றி பெற்ற தடுப்பூசிகளே களஆய்விலும் குழந்தைகளைக் காத்தன என்பதால், அது உலக அளவில் நிலைபெற்றுவிட்டது. இது மருந்தின் ஆற்றலைக் காட்டும் சோதனை. மருந்து தீங்கற்றதா என்பது வேறொரு வினா.

அச்சம் பரவிய காலம்

அவ்வினாவை எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்பதைச் சப்பான் நாட்டு நிகழ்வு காட்டுகிறது. அங்கு 1974ஆம் ஆண்டில் கக்குவான் இருமலுக்கு ஆளானோர் 393 பேர் மட்டுமே. அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அவ்வாண்டின் குளிர்காலத்தில், தடுப்பூசி இட்டுக்கொண்டபின் இரு குழந்தைகள் இறந்தன. இறப்புக்குத் தடுப்பூசிதான் காரணமா என்பது தெளியும் முன்பே அச்சம் பரவிவிட்டது. 1975இல் அரசு தடுப்பூசித் திட்டத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. மீண்டும் தொடங்கியபோதும் பெற்றோர் முன்வரவில்லை. அடுத்த ஆண்டில் ஊசி இட்டுக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவிலேயே இருந்தனர். 1979இல் கக்குவான் இருமல் கொள்ளைநோயாகத் திரும்பி வந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 13,000 பேர் நோயுற்றனர். 41 பேர் இறந்தனர். பிரிட்டனிலும் அதே காலத்தில் இத்தகைய அச்சமும், அதைத் தொடர்ந்து நோயின் மீள்வரவும் நிகழ்ந்தன.

தடுப்பூசியின் மீதான நம்பிக்கை ஒருமுறை தளர்ந்தால், அதன் விலையைக் குழந்தைகளே கொடுக்க நேரும். ஆகவே, ‘இம்மருந்து தீங்கற்றது’ என்று அரசு சொல்லும்போது, அச்சொல்லுக்குப் பின்னால் உறுதியான சோதனை ஒன்று இருந்தாக வேண்டும். விலங்குச் சோதனையைக் கைவிடுவது பற்றிப் பேசுவோர் எவரும் இதை மறந்துவிட இயலாது.

சப்பான் அச்சத்தோடு நின்றுவிடவில்லை. யூஜி சாத்தோ, ஹிரோக்கோ சாத்தோ ஆகியோர் புதுவகைத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினர். கொல்லப்பட்ட பாக்டீரியத்தை முழுமையாகச் செலுத்தாமல், நோயெதிர்ப்பைத் தூண்டும் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செலுத்துவது அவர்கள் கண்ட வழி. செல்லற்ற தடுப்பூசி எனப்படும் இது 1981இல் அந்நாட்டில் பயன்பாட்டுக்கு வந்தது. காய்ச்சல், வீக்கம் முதலிய பக்கவிளைவுகள் இதில் வெகுவாகக் குறைந்தன. பிறகு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இதையே ஏற்றன. ஆயினும், பிரித்தெடுக்கும் புரதங்களில் தலையாயது ஒரு நச்சு என்பதே இதிலுள்ள இக்கட்டு.

நச்சு செயற்படும் முறை

போர்டெடெல்லா பெர்டூசிஸ் வெளியிடும் நச்சுகளுள் முதன்மையானது ‘பெர்டூசிஸ் நச்சு’ எனப்படும் புரதம். அதன் அமைப்பு வியப்புக்குரியது. அதில் ஆறு துணையலகுகள் உள்ளன. அவற்றுள் ஐந்து ஒன்றுகூடி ஒரு பீடம்போல் அமைந்து, மனிதச் செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரை இணைந்த புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. எஞ்சிய ஒன்று, அப்பீடத்தின்மேல் அமர்ந்துவரும் நொதி. பீடம் செல்லைப் பற்றிக்கொள்ள, நொதி உள்ளே நுழைகிறது. பற்றும் பகுதி இல்லாவிட்டால் நொதி வாயிலிலேயே நின்றுவிடும். நொதி இல்லாவிட்டால் பற்றும் பகுதியால் இந்தத் தீங்கு நேராது.

உள்ளே நுழைந்த நொதி செய்யும் வேலையை ஏரி மதகைக் கொண்டு விளக்கலாம். வெளியிலிருந்து வரும் கட்டளைகளைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் தூது மூலக்கூறு ஒன்று உண்டு; சுழல் ஏ.எம்.பி. என்பது அதன் பெயர். தேவைக்கேற்ப அது சுரக்கும். போதும் என்ற நிலையில் ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் அச்சுரப்பைத் தணிக்கும். பெர்டூசிஸ் நச்சின் நொதி, இக்கட்டுப்பாட்டுப் புரதத்தின்மேல் ஒரு வேதித் துணுக்கை ஒட்டிவிடுகிறது. மதகுப் பலகை மேலே தூக்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் ஏரி நீர் என்னவாகும்? அதுபோலச் செல்லில் தூது மூலக்கூறு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. செல்லின் ஒழுங்கு குலைகிறது.

இந்நச்சை உடல் அடையாளங் கண்டுகொண்டால் நோயைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்கிக்கொள்ளும். எனவே, உருவம் கெடாமல் நஞ்சை மட்டும் நீக்கித் தடுப்பூசியில் சேர்க்கின்றனர். பாம்பின் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பாம்பைக் காட்டுவது போன்றது இது. ஃபார்மால்டிஹைடு, குளூட்டரால்டிஹைடு முதலிய வேதிப்பொருள்கள் இதற்குப் பயன்படுகின்றன. வேதிவினை மிகுந்தால் புரதத்தின் உருவம் சிதைந்து மருந்து பயனற்றுப்போகும். குறைந்தால் நச்சின் ஒரு பகுதி அப்படியே எஞ்சும். நச்சு நீக்கப்பட்ட புரதம் நாளடைவில் பழைய நிலைக்கு மீளுமோ என்ற ஐயமும் உண்டு. ஆதலின், தயாரிக்கப்படும் ஒவ்வொரு தொகுதியிலும் செயற்படு நச்சு எஞ்சியுள்ளதா என்று பார்ப்பது கட்டாயமாயிற்று.

எலியின்மேல் விழுந்த சுமை

எஞ்சிய நச்சை எவ்வாறு கண்டறிவது? இதற்கான விடை, 1940களின் இறுதியில் கண்டறியப்பட்ட ஒரு விந்தையான உண்மையிலிருந்து கிடைத்தது. ஒவ்வாமையின்போது நம் உடலில் சுரந்து தும்மலையும் தடிப்பையும் உண்டாக்கும் பொருள் ஹிஸ்டமின். சுண்டெலி இயல்பாகவே ஹிஸ்டமினைப் பெரிதும் தாங்கவல்ல விலங்கு. ஆனால், கக்குவான் தடுப்பூசி செலுத்தப்பட்ட எலிக்குச் சில நாள் கழித்து ஹிஸ்டமினைச் செலுத்தினால், அது அதிர்ச்சிக்குள்ளாகி இறந்துவிடுகிறது. எலியின் தாங்குதிறனைக் குலைப்பது பெர்டூசிஸ் நச்சுதான் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதனையே ஒரு சோதனையாக்கினர். ‘ஹிஸ்டமின் கூருணர்வுச் சோதனை’ என்பது அதன் பெயர். சோதிக்கவேண்டிய தடுப்பூசியை ஒரு குழு எலிகளுக்குச் செலுத்துவர். ஏறத்தாழ ஐந்து நாள் கழித்து ஹிஸ்டமினைச் செலுத்தி, ஒரு நாள் முழுவதும் கவனிப்பர். எலிகள் பிழைத்திருந்தால் மருந்தில் நச்சு இல்லை, இறந்தால் ஐயத்திற்குரியது, இன்னொரு குழு எலிகளைக் கொண்டு மீண்டும் சோதிப்பர். தயாரித்த உடனே ஒருமுறையும், நச்சு மீள்கிறதா என்றறிய மனித உடல் வெப்பநிலையில் சில வாரம் வைத்திருந்து மறுமுறையும் இதைச் செய்வதுண்டு. ஏற்றுமதி செய்யும் நாட்டில் ஒருமுறை, இறக்குமதி செய்யும் நாட்டில் மற்றொரு முறை என்றும் சோதனை தொடரும். மூச்சுத்திணறியும் உடல் வெப்பம் குன்றியும் எலிகள் படும் துன்பம், விலங்குச் சோதனைகளில் கடுமையான வகையைச் சேர்ந்தது.

எலியின் துன்பம் ஒருபுறம் இருக்க, சோதனையின் நம்பகமே கேள்விக்குரியதாக இருந்தது. எலியின் இனம், வயது, பால் ஆகியவற்றுக்கேற்ப முடிவு மாறியது. ஓர் ஆய்வுக்கூடத்தில் தேறிய மருந்து இன்னோர் ஆய்வுக்கூடத்தில் தவறக்கூடும். நாட்டுக்கு நாடு செய்முறையும் ஏற்பு வரம்பும் வேறுபட்டன. எத்தனை எலிகளின் இறப்பு, குழந்தையின் உடலில் என்ன விளைவுக்குச் சமம் என்பதை நேராகப் பொருத்திப் பார்க்கவும் வழியில்லை. எலிகள் மீதான இரக்கம் மட்டுமே இச்சோதனையை அசைத்திருக்குமா என்பது ஐயமே. அளவுகோலே தள்ளாடியதால்தான் மருந்து தயாரிப்போரும் மாற்று வழியை நாடினர்.

ஆயினும் பழைய சோதனைக்கு ஒரு வலிமை இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். எலி முழு உயிர். நச்சு செல்லைப் பற்றுவது, உள்ளே நுழைவது, நொதி செயற்படுவது ஆகிய எல்லாப் படிகளும் அதன் உடலில் இயல்பாக நிகழும். ஆய்வாளர் எதிர்பாராத தீங்கு ஒன்று மருந்தில் இருந்தாலும் எலி அதைக் காட்டிக்கொடுக்கலாம். ஆய்வுக்கூடச் சோதனையோ கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். மாற்று முறைகளை ஏற்கப் பலர் தயங்கியதற்கு இதுவே முறையான காரணம்.

மூன்று நெறிகள்

விலங்குச் சோதனை குறித்து இன்று உலகம் பின்பற்றும் நெறிகளை, வில்லியம் ரசல், ரெக்ஸ் பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1959இல் வெளியிட்ட நூலில் வகுத்தனர். இயன்றவிடத்து விலங்குக்கு மாற்றாக வேறு முறையைக் கொள்ளுதல், இயலாதவிடத்து விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அதுவும் இயலாதபோது அவை படும் துன்பத்தைத் தணித்தல் என அவை மூன்று. ஹிஸ்டமின் சோதனையில் மூன்றாம் நெறிக்குச் சப்பானியர் வழிகாட்டினர். எலி இறக்கிறதா என்று காத்திராமல், ஹிஸ்டமின் செலுத்தியபின் அதன் உடல் வெப்பநிலை எவ்வளவு குறைகிறது என்று அளந்தாலே போதும் என அவர்கள் காட்டினர். எலியின் துன்பம் குறைந்ததோடு, ‘பிழைத்தது, இறந்தது’ என்னும் இருநிலைக்கு மாறாக எண்ணால் அளக்கத்தக்க முடிவும் கிடைத்தது.

இந்தியாவில் இச்சிந்தனை சட்டவடிவம் பெற்றதில் தமிழகத்திற்கும் பங்குண்டு. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா ஒன்றை முன்வைத்து வாதாடினார். அதன் தொடர்ச்சியாகவே 1960இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. கலாசேத்திராவை நிறுவிய நாட்டியக் கலைஞராகவே பெரிதும் அறியப்படும் அவர், 1962இல் தொடங்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். அச்சட்டம் அறிவியல் சோதனைகளைத் தடைசெய்யவில்லை. ஆனால் தவிர்க்கக்கூடிய இடங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்கவேண்டும் என்கிறது. நூல், மாதிரி வடிவம், திரைப்படம் ஆகியவை போதுமான இடத்தில் மருத்துவக் கல்லூரிகள்கூட விலங்கை நாடக்கூடாது என்பது அதன் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இயற்றிய நெறியாணை இன்னும் ஒருபடி மேலே சென்று, ஏற்கப்பட்ட மாற்று முறை ஒன்று இருக்குமானால் விலங்கைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. ஆகவே, மாற்று முறை ஒன்றை அதிகாரப்பூர்வமாக ஏற்கச் செய்வதே ஆய்வாளர்களின் முதற்பணி ஆயிற்று.

கொத்தாகும் செல்கள்

அமெரிக்க மரபியலாளர் தியோடர் பக், 1957இல் சீன ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்கின் கருவகத்திலிருந்து சில செல்களை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தார். அவற்றின் வழிவந்த செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே வந்தன. உலகின் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெருகுகின்றன. உயிரியல் மருந்துகள் பலவற்றை உருவாக்கித் தரும் தொழிற்சாலைகளாகவும் அவை விளங்குகின்றன.

இச்செல்கள் தட்டின் அடியில் நீண்டு மெலிந்து, ஒன்றையொன்று ஒட்டாமல் பரவி வளர்வது இயல்பு. 1983இல் அமெரிக்க ஆய்வாளர் எரிக் ஹியூலெட்டும் உடன்பணியாற்றியோரும் ஒன்றைக் கவனித்தனர். ஊடகத்தில் மிக நுண்ணளவு பெர்டூசிஸ் நச்சு கலந்தாலும், இச்செல்கள் உருண்டு திரண்டு, திராட்சைக் குலைபோல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. நச்சைத் தன்மேனி காட்டும் உயிருள்ள ஒரு காட்டி கிடைத்துவிட்டது. நச்சின் பற்றும் பகுதி, நொதிப்பகுதி ஆகிய இரண்டும் முழுமையாக இருந்தால்தான் கொத்து உருவாகும் என்பது இதன் சிறப்பு. எலியின் உடலில் நிகழ்ந்த பற்றுதல், நுழைதல், செயற்படுதல் ஆகிய மூன்று படிகளும் இங்கு ஒரே செல்லுக்குள் நிகழ்கின்றன.

செய்முறை எளியது. சிறு குழிகள் வரிசையாக அமைந்த தட்டில் செல்களை வளர்ப்பர். நச்சு நீக்கிய புரதத்தைப் பல்வேறு அடர்வுகளில் குழிகளில் இடுவர். ஒருபுறம், அளவு தெரிந்த நச்சுக்கரைசல் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும். ஓரிரு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்து, எந்த அடர்வு வரை கொத்துகள் தோன்றியுள்ளன என்று குறிப்பர். எலிக்கூண்டுகளும் வாரக்கணக்கான காத்திருப்பும் தேவையில்லை.

இவ்வளவு எளிய சோதனை எலியின் இடத்தைப் பிடிக்க ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று? முதல் தடை, தடுப்பூசியிலேயே இருந்தது. எதிர்ப்பாற்றலை மிகுவிப்பதற்காகத் தடுப்பூசியில் அலுமினிய உப்பு சேர்க்கப்படுகிறது. அது செல்களைப் பாதித்து முடிவைக் குழப்புகிறது. பல நோய்களுக்கான புரதங்களும் ஒரே குப்பியில் கலந்திருக்கும். எலிக்கு இறுதி மருந்தை அப்படியே செலுத்தலாம், செல்லுக்கு இயலாது. இரண்டாவது தடை, கொத்து எது, கொத்தல்லாதது எது என்பதைப் பார்ப்பவர் கண்ணே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒருவர் கொத்து என்பதை இன்னொருவர் மறுக்கலாம்.

இத்தடைகளைத் தாண்ட வேறு வழிகளும் தேடப்பட்டன. பிரிட்டனிலுள்ள உயிரியல் தரக்கட்டுப்பாட்டு நிறுவனத்தில், செல்லே இல்லாத உயிர்வேதியியல் முறை ஒன்று உருவாயிற்று. நச்சு பற்றக்கூடிய புரதம் பூசிய தட்டில், எவ்வளவு நச்சு ஒட்டுகிறது என ஒருபுறம் அளப்பர். மறுபுறம், ஒளிரும் சிறு புரதத்துண்டு ஒன்றின்மேல் நொதி தன் வேதித் துணுக்கை ஒட்டுகிறதா என அளப்பர். இரண்டையும் இணைத்துப் பார்த்தால் எலிச்சோதனையின் முடிவோடு ஒத்துவந்தது. தனித்தனியே பார்த்தபோது அவ்வளவு ஒத்துவரவில்லை. நெதர்லாந்து நாட்டாய்வாளர், எலியின் இரத்தக்குழாய்த் தசையிலிருந்து பெற்ற செல்களில் தூது மூலக்கூறு எவ்வளவு பெருகுகிறது என்பதையே அளந்தனர். சிக்கிக்கொண்ட மதகைப் பார்ப்பதற்குப் பதிலாக, வழிந்தோடும் நீரை அளக்கும் முயற்சி இது. இறுதித் தடுப்பூசியில் அலுமினிய உப்பு இருந்தாலும் நச்சைக் கண்டறியலாம் என்னும் வாய்ப்பை இது காட்டியது.

முடிவில் வென்றது கருவிகளின் நுட்பமன்று. கேள்வியை மாற்றிக்கொண்டதே ஆகும். இறுதிக் குப்பியை ஏன் சோதிக்க வேண்டும்? நச்சு நீக்கிய தூய புரதத்தை, அலுமினியம் சேர்ப்பதற்கு முன்பே சோதித்தால் என்ன? நச்சுநீக்கும் முறை எப்போதும் ஒரே சீராக நடைபெறுகிறது என்றும், நீங்கிய நச்சு மீள்வதில்லை என்றும் தயாரிப்பாளர் ஆய்வால் நிறுவிவிட்டால், பிந்தைய படியில் சோதிக்கத் தேவை எழாது. பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே மாதிரிகளைத் தமக்குள் பகிர்ந்து சோதித்தன; செல் வளர்ப்பின் நேரம், கொத்தை மதிப்பிடும் அளவீடு, ஒப்பீட்டு நச்சின் பன்னாட்டு அலகு ஆகியன வரையறுக்கப்பட்டன. வேறு வேறு நாட்டினர் கண்ட முடிவுகள் ஒத்தமைந்தன. 2020ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய பார்மகோப்பியா என்னும் மருந்துத் தரநூல், செல்லற்ற தடுப்பூசிகளுக்கான ஹிஸ்டமின் சோதனையை நீக்கி, ஹாம்ஸ்டர் செல் சோதனையை அதன் இடத்தில் வைத்தது.

நச்சை நீக்கும் தேவையையே இல்லாமற் செய்யும் வழி ஒன்றும் உண்டு. இத்தாலியின் சியனா நகரில் ரினோ ரப்புவோலியின் குழுவினர், பாக்டீரியத்தின் மரபணுவைத் திருத்தி, நொதிப்பகுதியில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினர். உருவம் மாறவில்லை, நஞ்சு மட்டும் பிறக்கும்போதே இல்லை. இம்முறையிலான தடுப்பூசி 2016இல் தாய்லாந்தில் உரிமம் பெற்றது.

எஞ்சியவை

செல் சோதனை விலங்கை முற்றாக விலக்கிவிட்டது என்று சொல்வது மிகையாகும். செல்கள் வளரப் பெரும்பாலும் கன்றின் கருவிலிருந்து பெறும் குருதிநீர் தேவைப்படுகிறது. அதனைத் தவிர்க்கும் செயற்கை ஊடகங்கள் உருவாகி வந்தாலும், எல்லா இடங்களிலும் அவை நிலைபெறவில்லை. எலிகளின் இறப்பு நின்றது. விலங்கின் மீதான சார்பு நிற்கவில்லை.

மேலும், இம்மாற்றம் செல்லற்ற தடுப்பூசிக்கு மட்டுமே உரியது. இந்திய அரசு தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைகள் பெறுவது முழுச்செல் தடுப்பூசியே. விலை குறைவு என்பது ஒரு காரணம். செல்லற்ற தடுப்பூசி தரும் பாதுகாப்பு விரைவில் தேய்கிறது என்பது மற்றொன்று. முழுச்செல் தடுப்பூசியைப் பயன்படுத்தும் நாடுகள் அதைத் தொடர்வதே நன்று என உலக நலவாழ்வு நிறுவனமும் பரிந்துரைத்துள்ளது. 2011 திசம்பரில் ஐந்து நோய்களைத் தடுக்கும் ‘பென்டாவேலன்ட்’ தடுப்பூசியைத் தமிழ்நாடும் கேரளமும் நாட்டில் முதலாவதாகத் தொடங்கின. பிறந்த ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் அரசு மருத்துவமனைகளில் இடப்படும் இந்த ஊசியிலுள்ள கக்குவான் மருந்து முழுச்செல் வகையினது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தயாரிக்கும் முத்தடுப்பூசியும் அத்தகையதே.

முழுச்செல் மருந்தில் பெர்டூசிஸ் நச்சு மட்டுமன்றி, பாக்டீரியத்தின் மேலுறையிலுள்ள நச்சு முதலிய பல பொருள்கள் ஒன்றாகக் கலந்துள்ளன. ஒரு நச்சை மட்டும் தேடும் செல் சோதனை இங்குப் போதாது. ஆகவே, பழைய சோதனை ஒன்று தொடர்கிறது. குழந்தைக்கு இடும் அளவில் பாதியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அவற்றை நிறுக்கின்றனர். மூன்றாம் நாள் எலிகளின் சராசரி எடை, ஊசிக்கு முன்னிருந்ததைவிடக் குறைந்திருக்கக் கூடாது. ஏழாம் நாள், ஊசி பெறாத எலிகள் அடைந்த எடைமிகுதியில் நூற்றுக்கு அறுபது பங்கையேனும் அவை அடைந்திருக்க வேண்டும். கென்ட்ரிக் வகுத்த வீரியச் சோதனையும் முழுச்செல் தடுப்பூசிக்கு இன்னும் வழக்கில் உள்ளது. எலியின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளை அளந்து, மூளைக்குள் கிருமி செலுத்துவதைத் தவிர்க்கும் முறையை நெதர்லாந்து நாட்டினர் முன்வைத்துள்ளனர். அதிலும் எலி உண்டு, ஆனால் நோயுற்று இறப்பதில்லை. ஒரு மருந்தின் ஒவ்வொரு தொகுதியையும் எலிக்கும் சீமை எலிக்கும் செலுத்திப் பொதுவாகத் தீங்கு தேடும் மற்றொரு பழைய சோதனையைக் கைவிடலாம் என உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2018இல் அறிவித்துவிட்டது. முழுச்செல் தடுப்பூசிக்கான எடைச் சோதனைக்கு அத்தகைய அறிவிப்பு ஏதும் இதுவரை வரவில்லை.